அடித்துப் பார்த்து வாங்கவும்

— கம்ப்யூட்டரை விக்கலன்னா அப்பம் எதுக்கும்மா விளம்பரம் போட்டு வச்சிருக்கு? பாறசாலையிலிருந்து சாமான் ஏத்தற ஆட்டோ பிடிச்சு இந்தக் காரோடு ஊருக்கு வந்திருக்கேன். வண்டிக்காரன் ரோட்டுல நிக்கான்.

— விக்கலன்னு நான் எங்க மக்கா சொன்னேன்? முதல்ல உக்காந்து கீபோர்டுல அடிச்சுப் பாரு, பொறவு பேசலாம்னுதானே சொன்னேன். அந்தக் கசேரியில இரி.

— இருக்கேன். ஆனா பெட்டியைத் திறந்து உள்ள இருக்கற போர்டை ஒரு நோட்டம் பாத்தா எனக்குப் போதும். அடிச்சுப் பாக்கணும்னு ஒண்ணுமில்ல.

— அடிச்ச பொறவுதான் பெட்டியைத் தொட விடுவேன். வாற எல்லாருகிட்டயும் அப்படித்தானாக்கும்.

— நிறைய பேரு வந்திருக்காவளா?

— வருவானுவ, இருப்பானுவ, அடிப்பானுவ. பொறவு என்கிட்ட அதையும் இதையும் கேட்டு, மூஞ்சி வெளுத்து, பெட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு இறங்கிப் போயிடுவானுவ. ஒருத்தன் குடையைக்கூட மறந்துட்டுப் போனான், எடுக்க வரவே இல்ல. இருக்கட்டும். நீ காப்பி குடிப்பியா? கருப்பட்டி போட்டதாக்கும்.

— காப்பியைப் பத்தியும் அவரு எழுதியிருந்தாரு. அம்மா கருப்பட்டிக் காப்பி தருவாங்க, வேண்டாம்னு சொல்லிடாதீங்கன்னு.

— யாரு?

— விளம்பரம் போட்டவரு. பிரசாத் சார்.

— அந்தப் பேரை இங்க சொல்லாத.

— ஏன்மா?

— சொல்லாதன்னா சொல்லாத. மெதுவா பேசு. சுவருக்கு அந்தப் பக்கத்து முறியில அவிய கிடக்காவ, எனக்க வீட்டுக்காரரு. சுகர் வந்து கண்ணு ரெண்டும் போச்சு. அதுக்கும் சேத்து காது கூர்மையாயிட்டுது.

— சரிம்மா, சொல்லல. விஷயம் என்னன்னா, எனக்கு இந்தப் பெட்டி கிடைச்சே ஆகணும்.

— இந்தப் பழையதைக் கொண்டு போயி என்ன செய்யப் போற? இப்பம் எல்லாரும் கையில போனை வச்சு உரசுதானுவ.

— நான் எம்பிராய்டரி யூனிட் நடத்துறேன். ஸ்கூல் பிள்ளைகளுக்க யூனிபார்ம்ல பேட்ஜ் தைக்கற மெஷின். அதை ஓட்டறது இதே மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டராக்கும். அதுக்க போர்டு கரிஞ்சு போச்சு. மெஷினுக்க கார்டு நீளமானது, அது நுழையற ஸ்லாட்டு இப்பம் உள்ள கம்ப்யூட்டர் ஒண்ணுலயும் கிடையாது. ஸ்கூல் திறக்கப் போவுது. எனக்க பெண்டாட்டி ஜிஷாவும் வேலைக்கு வாற பெண்ணுங்களும் கையைக் கெட்டிக்கிட்டு இருக்காவ. திங்கக்கிழமைக்குள்ள மெஷின் ஓடலன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போவும். பொறவு ஆக்ரிக்காரன் வந்து மெஷினை இரும்பு விலைக்குத் தூக்கிட்டுப் போவான். நான் எவன் கடையிலயாவது கூலிக்கு நிக்க வேண்டியதுதான்.

— கடையில கேக்கலியா?

— கடைக்காரன் சிரிக்கான். ஆன்லைன்ல தேடு, கிழவன் கிழவியெல்லாம் வீட்டைக் காலி பண்ணும்போ போடுவாவன்னான். தேடிட்டேன்மா. தேடித் தேடி எனக்கு மனுஷன்மேல உள்ள நம்பிக்கையே போச்சு. இருக்கான்னு கேட்டா உண்டும்பான். எங்கன்னு கேட்டா ஆளைக் காணோம். ஒருத்தன் போட்ட படத்துல, சுவருல உள்ள பிளக் பாயின்ட் நம்ம நாட்டுதே இல்ல. என்ன சாரேன்னு கேட்டா, நான் பட்டாளத்துல இருக்கேன், பட்டாள லாரியில ஏத்தி விடுதேன், நீ முதல்ல ரூபா போடுங்கான்.

— போட்டியா?

— போடல. ஜிஷா போனைப் பிடுங்கிட்டா. இன்னொருத்தன் ஒற்றசேகரமங்கலம். வேலை செய்யுது, கண்டிஷன் சூப்பர்னு சத்தியம் பண்ணினான். மலையடிவாரம் வரைக்கும் போயி பாத்தா வெறும் கூடு. உள்ள இருந்த போர்டையெல்லாம் பொன்னு எடுக்கறவனுக்குக் கொடுத்துட்டானாம்.

— கம்ப்யூட்டருக்குள்ள பொன்னா?

— நகம் அளவுக்குப் பூசியிருக்கும்மா. அதைச் சுரண்டறதுக்காக நல்ல சாமானையெல்லாம் ஆசிட்ல போட்டுக் கரைக்கானுவ. கூடும் கம்ப்யூட்டருதானே, சும்மா சண்டை பிடிக்காதன்னு என்கிட்டயே கோவப்படுதான். நெய்யாற்றங்கரைக்காரன் ஒருத்தன், நான் பஸ்ஸை விட்டு இறங்கினப்பம் போன் பண்ணி, இப்பத்தான் வித்துட்டேன்னான். மறுநாள் அதே பெட்டி, அதே படம், விலையை மட்டும் கூட்டிப் போட்டிருக்கான்.

— இவன் அப்படி இல்லியோ?

— இவரு தங்கமான ஆளும்மா. கேட்ட உடனே பதில். ஸ்லாட்டு உண்டான்னேன், உண்டு, நீளம் இவ்வளவுன்னு சொன்னாரு. உள்ள தூசி எந்த மூலையில பிடிச்சிருக்கும்னுகூட சொன்னாரு. சுவிட்சை அமுக்கினா முதல்ல ஒண்ணும் வராது, மேசையை ஒரு தட்டு தட்டணுமாம்.

— அப்பம் தட்டு.

— தட்டியாச்சு. கேட்டீங்களா, மூச்சு விடற மாதிரி ஃபேன் சுத்த ஆரம்பிச்சுட்டு. எழுத்து வருது பாருங்க. எத்தனை நாளு இந்த எழுத்துக்காக அலைஞ்சேன். எனக்கு அழுகை வருதும்மா.

— அழுதுக்கோ. இங்க எல்லாரும் அழுதுட்டுதான் போவாவ.

— ஒண்ணு மட்டும் அவரு செய்யல. போன்ல பேச மாட்டேன்னுட்டாரு. எழுத்து மட்டும்தான். நேர்ல வந்து காட்டுங்க சார்னு கேட்டதுக்கு, அந்த வீட்டுக்குள்ள எனக்கு வழி இல்லன்னு எழுதினாரு. அது என்னன்னு எனக்குப் பிடி கிடைக்கல.

— அதைக் கேக்காத. நீ அடி.

— இன்னொரு சந்தேகமும் உண்டு. விளம்பரத்துல போட்ட படத்துல இந்த மேசை இருக்கு, இந்த ஜன்னல் இருக்கு. ஆனா சுவருல ஒரு ஆணியும் அதுல ஒரு நீலச் சட்டையும் தொங்குது. ஓரத்துல கட்டில் தெரியுது. இங்க அதொண்ணையும் காணோமே?

— கட்டிலை அறுத்து விறகாக்கியாச்சு. சட்டையை ஆத்துல விட்டாச்சு. ஆணியைப் பிடுங்கிட்டு, குழியைச் சிமெண்டு வச்சு அடைச்சாச்சு. தடவிப் பாரு, கையில தட்டுப்படும்.

— எதுக்கும்மா அப்படி?

— பிண்டம் வச்ச பொறவு அதையெல்லாம் வீட்டுல வைக்கலாமா?

— யாருக்குப் பிண்டம்?

— பேரு சொல்லாதன்னு சொன்னேன் இல்லியா. அவனுக்கு.

— அம்மா, நீங்க என்ன சொல்லுதீங்க? விளம்பரம் போட்டவரு உங்களுக்கு யாரு?

— எனக்க வயித்துல பிறந்தவன். ஒத்த மகன்.

— அவருக்கா பிண்டம் வச்சீங்க?

— நெய்யாத்துக் கரையில வச்சு. எள்ளும் சோறும் பிசைஞ்சு உருட்டி, இலையில வச்சு, தண்ணியில தள்ளி விட்டாவ. மகன் அப்பனுக்கு வைக்க வேண்டியது, இங்க அப்பன் மகனுக்கு வச்சாவ. நான் ஈரத்துணியோட நின்னு கண்டேன். காக்கா ஒண்ணுகூட வரல. அந்தப் பேரை இனி இந்த வீட்டுல ஒருத்தரும் எடுக்கப்பிடாதுன்னு அவிய அங்க நின்னே சொன்னாவ. புலைத் தீட்டு கழியக் குளிச்சு வீடு வந்து சேந்தோம். அதெல்லாம் பழைய கதையாயிட்டு.

— இன்னிக்கு மத்தியானம் அவரு எனக்கு மெசேஜ் போட்டிருக்காரும்மா.

— எல்லாருக்கும் போடுவான்.

— செத்த ஆளா?

— பிண்டம் வச்ச ஆளு. நான் வேற என்ன சொல்ல? வாறவன் எல்லாம் அவனுக்க பேரைச் சொல்லிக்கிட்டுதான் படி ஏறுதான். அவருதான் வழி சொன்னாரு, அவருதான் அனுப்பினாருன்னு. எந்தத் தென்னைக்குப் பக்கத்துல திரும்பணும், கொல்லையில எந்த இடத்துல வழுக்கும், எல்லாம் சொல்லி விடுதான்.

— வேற யாராவது அவருக்க போனை வச்சு விளையாடுதாவளோ என்னவோ.

— கருப்பட்டிக் காப்பியை வேண்டாம்னு சொன்னா எனக்குச் சங்கடமாவும்னு வேற எவனுக்குத் தெரியும்?

— இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா வாறவங்களை உள்ள விடுதீங்க?

— விடாம என்ன செய்ய? பிண்டம் வச்சுட்டு வந்த அன்னையிலிருந்து அவிய சுவரைப் பாத்துக் கிடந்த கிடப்பாக்கும். கஞ்சியைக் கொண்டு போனா வாயைத் திறக்க மாட்டாவ. முதல்ல ஒருத்தன் வந்து இதுல அடிச்சான் பாரு, அன்னிக்குத் திரும்பிப் படுத்தாவ. நான் ஊட்ட ஊட்டக் குடிச்சாவ. யாரு வந்தாங்கன்னு அவிய கேக்க மாட்டாவ, நானும் சொல்ல மாட்டேன். ஆளு வராத வாரத்துல நானே இருந்து அடிச்சுப் பாத்தேன். கோழி கொத்தற மாதிரி கேக்குதே, என்ன லெச்சுமின்னு கேட்டுட்டு, சுவரு பக்கம் திரும்பிட்டாவ.

— அதனாலதான் பெட்டியை விக்க மாட்டீங்க.

— நீ எடுத்துக்கிட்டுப் போனா அவிய எதைக் கேட்டுக் கஞ்சி குடிப்பாவ? நீயே சொல்லு.

— நான் எடுக்காட்டி எனக்க வீட்டுல கஞ்சி இல்லம்மா. அதையும் நீங்களே சொல்லுங்க.

— இருக்கட்டும், இருக்கட்டும். மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? அந்தப் போன்ல அவனுக்க படம் ஏதாவது உண்டா?

— சின்ன வட்டத்துல ஒண்ணு உண்டு. காட்டவா?

— வேண்டாம். பிண்டம் வச்ச முகத்தைக் காணப்பிடாது. நீ பாத்துச் சொல்லு. மெலிஞ்சிருக்கானா?

— கொஞ்சம் மெலிவுதான். தாடி உண்டு. பின்னால கடலு. கல்லு அடுக்கின கரை. பொழியூரு கடப்புறம் மாதிரி தெரியுது.

— சரியா சாப்பிடுத மாதிரி இல்ல.

— செத்தவங்க என்னத்தைம்மா சாப்பிடுவாங்க?

— நீ அடி மக்கா. அவிய காத்துக் கிடக்காவ.

— அடிக்கேன். எப்படி அடிக்கணும்னும் அவரு சொல்லித் தந்திருக்காரு.

— அடிக்கறதுல என்ன சொல்லித் தர இருக்கு?

— நேத்து எனக்க மெஷின் கதையையும் ஆக்ரிக்காரன் கதையையும் அவருகிட்ட சொல்லிப் புலம்பினேன். இன்னிக்கு மத்தியானம்தான் எழுதினாரு. வாசிக்கேன், கேளுங்க. 'உங்களுக்கு உண்மையிலேயே தேவை உண்டுன்னு தெரியுது. மத்தவங்களுக்குச் சொல்லாத ஒண்ணை உங்களுக்குச் சொல்றேன். வேகமா கொஞ்சம் எழுத்து அடிங்க. கீபோர்டுல கீழ உள்ள நீளக் கட்டையில ஓங்கி ஒரு அடி. அப்புறம் கையை எடுத்துட்டு ஒரு மூச்சு விடுங்க. திரும்பவும் வேகமா. வரி முடிஞ்சதும் ஓரத்துல உள்ள பெரிய கட்டையில ரெண்டு தட்டு. பிறகு ஒண்ணும் செய்யாம இருந்து, வீட்டுக்குள்ள என்ன கேக்குதுன்னு கவனிங்க. கேட்டதை அப்படியே எனக்குச் சொல்லணும். அதுதான் விலை.'

— அதுதான் விலையா?

— ரூபாயைப் பத்திப் பேச்சே கிடையாதும்மா.

— மக்கா, அப்படி அடிக்காத. வேற மாதிரி அடிச்சுட்டுப் போ.

— ஏன்மா?

— அது அவனுக்க அடியாக்கும். ராத்திரி பகல் இல்லாம இந்த வீட்டுல கேட்டுக்கிட்டு இருந்த அடி. அதைக் கேட்டா அவிய தாங்க மாட்டாவ. நானும் தாங்க மாட்டேன்.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா வேற வழி இல்லம்மா. ஒரே ஒரு வரி. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுடுதேன்.

— வேண்டாம்னு சொன்னேன் இல்லியா.

— தொடங்கிட்டேன்.

— நீளக் கட்டையில அதே அடி. அதே மூச்சு. நீ யாருலே?

— நான் கனகதாஸும்மா. நீங்க ஏன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

— பேசாத. வரி முடியப் போவுது. அந்த ரெண்டு தட்டை மட்டும் தட்டிடாத.

— தட்டிட்டேன்.

— பிரசாதே.

— அம்மா, நீங்களா கூப்பிட்டீங்க?

— நான் வாயைத் திறக்கல.

— எலே பிரசாதே. வந்துட்டியாலே?

— அவியதான். உள்ள இருந்து அவியதான் கூப்பிடுதாவ. எடுக்கப்பிடாதுன்னு சொன்ன வாய்தான் அந்தப் பேரை எடுத்திருக்கு.

— நான் போறேன்மா. எனக்குப் பெட்டியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஆக்ரிக்காரன் கொண்டு போவட்டும்.

— நில்லு மக்கா. இந்த நேரத்துல என்னைத் தனியா விட்டுட்டுப் போவாத.

— லெச்சுமி, அங்க யாரு கூட பேசுத? அவனை இங்க கூட்டிட்டு வா.

— கம்ப்யூட்டர் பாக்க வந்த ஆளாக்கும். பாறசாலைக்காரன். இப்பம் போயிடுவான், நீங்க படுங்கோ.

— கூட்டிட்டு வான்னு சொன்னேன். எலே, பயப்படாத. கட்டிலுக்குப் பக்கத்துல வா. கையைக் கொண்டா.

— இதா சார்.

— தடிச்ச விரலு. நுனியெல்லாம் ஊசி குத்தின காய்ப்பு. நீ அவனில்ல.

— இல்ல சார். நான் தையல்காரன்.

— அப்பம் அவனுக்க அடியை நீ எங்க படிச்சே? நான் டிரஷரி வேலை முடிஞ்சு வந்து படுத்தா, அடுத்த முறியில அவன் அடிக்கற சத்தத்துலதான் உறங்குவேன். சத்தம் நின்னா முழிச்சுக்குவேன். வேற எவன் வந்து அடிச்சாலும் அவனில்லன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு எனக்க காது ஏமாந்துட்டு.

— அவருதான் சொல்லித் தந்தாரு சார். இன்னிக்கு மத்தியானம், போன்ல எழுதி.

— லெச்சுமி, நீ இவன்கிட்ட என்ன சொன்னே?

— பிண்டம் வச்சதைச் சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. நீங்கதானே சொல்லப்பிடாதுன்னு சொன்னீங்க.

— சார், என்னைப் பொறுத்துக்கணும். எனக்க மெஷினுக்காக வந்துட்டேன். செத்தவருக்க சாமானுன்னு தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே தலை வச்சிருக்க மாட்டேன்.

— உனக்க சட்டைப் பையில என்னலே உறுமுது?

— போனு. மெசேஜ் வந்திருக்கு. அவருதான் சார். எனக்குத் தொடவே பயமா இருக்கு.

— வாசி.

— வேண்டாம் சார். எனக்கு வீட்டுல பெண்டாட்டி உண்டு.

— கண்ணு உண்டுன்னா நானே வாசிச்சிருப்பேன். நீ வாசி எலே.

— வாசிக்கேன். 'இதுக்குள்ள அடிச்சு முடிச்சிருப்பீங்க. அப்பா கூப்பிட்டாரா? என் பேரைச் சொன்னாரா? இத்தனை பேரை அனுப்பியும் ஒருத்தருக்கும் அது கேக்கல. அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. சொன்னாருன்னா கம்ப்யூட்டர் உங்களுக்கு, ஒரு பைசா வேண்டாம். சொல்லலன்னா இனி நான் யாரையும் அங்க அனுப்ப மாட்டேன்.'

— பதில் ஒண்ணும் போட வேண்டாம் மக்கா. போனை அணைச்சுப் போடு. ஊருல நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாவ?

— நீ வாயை மூடிட்டு மிண்டாம நில்லு லெச்சுமி. எலே தையல்காரா, நான் சொல்லச் சொல்ல எழுது.

— சார், செத்தவருக்கு நான் என்னன்னு பதில் எழுத?

— எழுது: 'கடப்புறத்து மீன்காரப் பெண்ணைக் கெட்டினான்னு, உயிரோட நிக்கிற பிள்ளைக்கு எள்ளும் சோறும் உருட்டின அப்பனாக்கும் பேசுதேன். கூப்பிட்டேன்லே, பேரு சொல்லித்தான் கூப்பிட்டேன். இந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரைக் கழட்டிக் கொடுக்க இங்க ஆளில்ல. பொழியூருக்கும் காரோட்டுக்கும் அப்படி என்ன தூரம், நீயே வந்து கழட்டிக் கொடு.'